ரிப்பனுக்குக் கீழே

தொப்பியைச் சுற்றிய ரிப்பனின் மேற்புறம் காய்ந்து மொறமொறத்துக் கிடந்தது. உட்புறம் ஈரமாக இருந்தது.

நஸ்லின் தையல் பிரிக்கும் கத்தியை மடியில் வைத்துவிட்டு, ஈரம் பட்ட விரலை மூக்கருகே கொண்டுபோனாள். கொண்டுபோயிருக்கக் கூடாது. மாதக் கணக்கில் துவைக்காத ஆம்பிளைத் தலையணைக்கு ஒரு மணம் இருக்குமே, எண்ணெயும் வேர்வையும் ஊறிப் புளித்த மணம், அதுதான். அதற்கும் அடியில் இனிப்பாக என்னவோ ஒன்று. தொப்பி மூன்று நாளாகப் பின்வளவில், கிணற்றுக்கட்டுக்குப் பக்கத்துச் சுவரில் ஆணியில் தொங்கியது. மார்ச் மாதத்துக் கல்முனை வெயில் என்றால் லேசுப்பட்டதா, காலையில் கொடியில் போட்ட சாறன் ஒன்பது மணிக்கெல்லாம் கருவாடு மாதிரி விறைத்துப் போய்விடும். அந்த வெயிலில் மூன்று நாள் கிடந்த தொப்பிக்கு ஈரம் எங்கிருந்து வந்தது என்று அவளுக்கு விளங்கவில்லை.

தொப்பி மகளுக்குத்தான். ஸம்றாவுக்கு ஒன்பது வயது. சனிக்கிழமை பள்ளிக்கூடத்தில் ஆங்கில தினம், அதில் ஒரு நாடகம், அந்த நாடகத்தில் அவள் வெள்ளைக்காரத் துரை. கோட்டு இல்லாவிட்டால் பரவாயில்லை, தொப்பி இல்லாமல் துரை வேண்டாம் என்று கேசினி மிஸ் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாவாம். பிள்ளை இரண்டு கிழமையாக அதே கதை. தெருவில் கோழிக்கும் ஆட்டுக்கும்கூடச் சொல்லியாகிவிட்டது. சம்மாந்துறை நெல் ஆலையில் வேலை செய்யும் பஸால், நஸ்லினின் புருசன், வெளிநாட்டுப் பழைய உடுப்புகள் மூட்டையாக வந்து இறங்கும் கடை ஒன்றில் குப்பையைக் கிளறுவதுபோலக் கிளறி இதைக் கொண்டுவந்தான். நெய்த துணியில்லை. மயிரை நனைத்து, அழுத்தி, இறுக்கிச் செய்த தடித்த கம்பளி. சாம்பலும் மண்ணும் கலந்த நிறம். உச்சியில் ஒரு மடிப்பு, சுற்றி வளைந்த விளிம்பு, விளிம்புக்கு மேலே இரண்டு விரல் அகலத்தில் அந்த ரிப்பன். ஒரு காலத்தில் கறுப்பாக இருந்திருக்கும். இப்போது செத்த அட்டையின் நிறம்.

"ஆருட தலையில கிடந்ததோ," என்று அன்றே முகத்தைச் சுளித்தாள் நஸ்லின்.

"தல வரல்லயே, தொப்பி மட்டுந்தானே வந்திரிக்கி," என்று பஸால் சிரித்தான். "ரிப்பன மாத்தி உட்டா புதுசு கா. உனக்குத் தெரியாத தையலா?"

தையல் தெரியும். அதுவல்ல விசயம். நஸ்லினின் அருவருப்பு தெருவுக்கே தெரிந்தது. பக்கத்து வீட்டு சிபானா ராத்தா வாய்க்கு வாய் கேலி செய்வாள்: "நஸ்லின்ட ஊட்டுக்குப் போறெண்டா காலக் கழுவினாக் காணாது, செருப்பையும் கழுவிட்டுத்தான் போகணும்." பிறர் குடித்த கோப்பையில் அவள் குடித்ததில்லை. பஸ்ஸில் யாரோ உட்கார்ந்து சூடாக்கிவிட்டுப் போன இருக்கையில் உட்கார மாட்டாள். ஆனால் மகள் என்று வந்துவிட்டால் அந்த நஸ்லின் வேறு. போன வருசம் டெங்குக் காய்ச்சலில் பிள்ளை சத்தியெடுத்தபோது, ஏனம் தேடி ஓடாமல் இரண்டு கைகளையும் ஏந்தியவள் அவள். சளி, பேன், புண், பீ எதுவானாலும் அந்த உடம்பிலிருந்து வந்தால் அது அழுக்கில்லை. அதை அவள் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகவே வைத்திருந்தாள்.

ஆகவேதான் தொப்பியைத் தூக்கி எறியாமல், மூச்சை அடக்கிக்கொண்டு மறுபடி கத்தியை எடுத்தாள்.

நூல்களையெல்லாம் அறுத்த பிறகும் ரிப்பன் வரவில்லை. ஒட்டிக்கொண்டிருந்தது. நகத்தால் ஒரு முனையைக் கிளப்பி இழுத்தபோது, காய்ந்த புண்ணிலிருந்து பிளாஸ்டரை உரிப்பதுபோல மெல்லிய சத்தத்தோடு அங்குலம் அங்குலமாக வந்தது. அதன் உட்பக்கம் முழுக்க மயிர். நரைத்த, கட்டையான மயிர், நெருக்கமாக, எல்லாம் ஒரே பக்கம் படிந்து. உதிர்ந்து ஒட்டியவை என்றுதான் நினைத்தாள். ஒன்றை ஊசி நுனியால் கிளப்பி வெளிச்சத்தில் பார்த்தபோது அதன் அடியில் வெள்ளையாக ஒரு குமிழ் இருந்தது, வேர். அடுத்ததிலும் இருந்தது.

ரிப்பனைச் சவர்க்காரம் போட்டுத் துவைத்தாள். இரண்டாம் வாளித் தண்ணீரும் மஞ்சளாகத்தான் வந்தது, மீன் பொரித்து ஆறிய எண்ணெய் மாதிரி. கொடியில் போட்டாள். பகல் லுஹர் தொழுகை போய், பின்னேரத்து அஸர் வந்தது. அதே கொடியில் கிடந்த துவாயும் பிள்ளையின் சீருடையும் காய்ந்து, மடித்து உள்ளே போய்விட்டன. ரிப்பன் சொட்டிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே மணலில் சின்னதாக ஒரு குழி விழுந்திருந்தது, அதைச் சுற்றி எறும்பு மொய்த்தது. நஸ்லின் குச்சியால் ரிப்பனைத் தூக்கிப் பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, இரண்டு முடிச்சுப் போட்டு, குப்பை அள்ளும் உழவு மெசின் வந்ததும் தன் கையாலேயே கொடுத்துவிட்டு வந்து முழங்கை வரை கழுவினாள்.

தொப்பியையும் கூடவே கொடுத்திருக்கலாம். கொடுக்கத்தான் நினைத்தாள். ஆனால் கல்முனையில் வேறு எந்தக் கடையில் துரைத் தொப்பி கிடைக்கும்? தொழுகைத் தொப்பி கிடைக்கும், கிரிக்கெட் தொப்பி கிடைக்கும். "என்ட தொப்பி ரெடியா உம்மா?" என்று பிள்ளை பள்ளிக்கூடத்தால் வந்ததும் வராததுமாகக் கேட்டபோது, "ஓம் மகள், நாளைக்கு ரெடி," என்று வாய் சொல்லிவிட்டது.

கம்பளித் தொப்பியை நீராவியில் காட்டினால் அழுக்கும் மணமும் போய், நெளிவும் நிமிரும் என்று யாரோ ஒருவன் போன் வீடியோவில் செய்து காட்டினான். அவனிடம் அதற்கென்று ஒரு மெசின் இருந்தது. நஸ்லினிடம் பிட்டுப் பானை இருந்தது. தண்ணீரைக் கொதிக்க வைத்து, குழலைக் கழற்றி வைத்துவிட்டு, பானையின் வாய்க்கு மேலே தொப்பியைக் கவிழ்த்துப் பிடித்தாள். நீராவி மட்டும்தானே, தொப்பி பானையில் படாதுதானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

கம்பளி சூடு குடித்தது. மணம் கிளம்பியது. குசினி முழுக்க ஓர் ஆள் வந்து நிற்பது மாதிரி, குளிக்காத, வாய் கொப்பளிக்காத, நெடுநாள் படுத்த படுக்கையாகக் கிடந்த ஓர் ஆள் எழும்பி வந்து அடுப்படியில் நிற்பது மாதிரி அந்த மணம் அடைத்துக்கொண்டு நின்றது. அவள் முகத்தைத் திருப்பி யன்னல் பக்கம் வைத்துக்கொண்டாள். அந்த நேரம் கைக்குள் தொப்பியின் உச்சி அசைந்தது. திரும்பிப் பார்த்தாள். உச்சியில் இருந்த மடிப்பு மெல்ல மெல்ல மேலெழும்பி, 'பொக்' என்று ஒரு சின்னச் சத்தத்தோடு உருண்டையாக நிமிர்ந்தது. சூட்டுக்கு நிமிரும் என்று வீடியோவில் சொன்னான்தான். தொப்பியின் உள்ளிருந்து இரண்டு மூன்று சொட்டுகள் தடிப்பாக உருண்டு பானைக்குள் விழுந்தன. தண்ணீரின் மேலே நெய் வளையங்கள் விரிந்தன.

பானையை மூன்று தரம் கழுவினாள். சாம்பல், சவர்க்காரம், தேசிக்காய். ஒவ்வொரு தரமும் பிஸ்மி சொல்லிக் கழுவினாள். தொப்பியை, வடிவம் கெடாமல் காய, உரித்த தேங்காய் ஒன்றின் மேலே கவிழ்த்து அலமாரியில் வைத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை, பிட்டும் வாழைப்பழமும். பஸால் இரண்டாம் பிடியை வாயில் போட்டவன், மெல்லுவதை நிறுத்தினான். பிறகு இரண்டு விரலை வாய்க்குள் விட்டு எதையோ இழுத்தான். அது வந்துகொண்டே இருந்தது போலிருந்தது அவளுக்கு, ஆனால் கட்டையான மயிர்தான். நரைத்தது.

"என்ன கா, உனக்கு இப்பவே நரைச்சிட்டா?"

நஸ்லினின் தலைமயிர் இடுப்பு வரை, கன்னங்கரேல் என்று, குசினியில் எப்போதும் முக்காட்டுக்குள். அவள் தன் பீங்கானில் இருந்த பிட்டைக் கிளறினாள். ஒன்று. கிளறினாள். இன்னும் ஒன்று, மாவோடு சேர்ந்து வெந்து, அடியில் வெள்ளைக் குமிழோடு. அவள் ஸம்றாவின் பீங்கானைப் பறிக்கத் திரும்பினாள். பீங்கான் காலியாக இருந்தது. பிள்ளை விரலைச் சூப்பிக்கொண்டிருந்தாள்.

"நல்லா இரிக்கும்மா. இன்னும் கொஞ்சம் வைங்க."

நஸ்லின் கிணற்றடிக்கு ஓடிப்போய்ச் சத்தியெடுத்தாள். மாவில் விழுந்திருக்கும், கடையில் அரைத்த மா, அரைக்கிறவன் மொட்டைத் தலையனா என்ன என்று பஸால் பின்னால் நின்று சொன்னான். அவளுக்கு அதைப் பிடித்துக்கொள்ள ஆசையாக இருந்தது. பிடித்துக்கொண்டாள்.

புருசன் வேலைக்கும் பிள்ளை பள்ளிக்கூடத்துக்கும் போன பிறகு தொப்பியை எடுத்தாள். தேங்காய் நனைந்திருந்தது. தேங்காய் மேலே கூர்ந்து கீழே அகன்றது. தொப்பி அப்படியாக இல்லை. முன்பக்கம் இரண்டு மேடுகள் புடைத்திருந்தன, புருவ எலும்பு இருக்க வேண்டிய இடத்தில். பின்பக்கம் பிடரியின் மேலே தட்டையாக இருந்தது. அளவு நாடாவைச் சுற்றினாள். முந்தாநாள் இருபத்துமூன்று அங்குலம், அவளே அளந்தது. இப்போது இருபதரை. ஸம்றாவின் தலை இருபதரை. சூட்டுக்குச் சுருங்கியிருக்கும். உள்ளே பஞ்சு வைக்கும் வேலை மிச்சம் என்று சத்தமாகவே சொல்லிக்கொண்டாள். வீட்டில் யாரும் இல்லாதபோது அவள் அப்படிச் சத்தமாகக் கதைப்பதில்லை.

புதுக் கறுப்பு ரிப்பனை இடது பக்கத்திலிருந்து தொடங்கிச் சுற்றிப் பிடித்து, நூல் வெளியே தெரியாமல் தைக்க ஆரம்பித்தாள். கம்பளியில் ஊசி போகும் விதம் அவளுக்குத் தெரியும், மொத்தமாக, சத்தமில்லாமல் போகும். இது அப்படிப் போகவில்லை. முதலில் எதிர்த்தது. பிறகு சட்டென்று விட்டுக்கொடுத்தது, மீனின் தோலில் கத்தி இறங்குகிற மாதிரி. ஊசி வெளியே வரும்போது ஈரமாக வந்தது. துண்டில் துடைத்தாள். குத்தினாள். துடைத்தாள். துண்டில் மஞ்சள் புள்ளிகள் ஒன்றன் பின் ஒன்றாக ஊறிப் பெரிதாகின. விரல்கள் பிசுபிசுத்தன. இடையில் ஒருதரம் தொப்பியின் உட்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். தோல் பட்டி, பழைய கறை, வேறொன்றும் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு குத்துக்கும் அது இலேசாகச் சுருங்கியது. அவளுடைய கைதான் நடுங்குகிறது. கைதான்.

முடித்தபோது பதினொன்றரை. பக்கத்தில் தட்டையாக ஒரு வில் முடிச்சு வைத்து நூலை அறுத்தாள். நல்லாத்தான் இருந்தது, அதைச் சொல்ல வேண்டும். கடைக் கண்ணாடிக்குள் வைத்தாற்போல. அவள் கையைக் கழுவப் போனாள். மூன்று தரம் கழுவினாள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்காகப் பள்ளிக்கூடம் வேளைக்கே விட்டுவிடும். ஸம்றா நெற்றியைச் சொறிந்துகொண்டே வந்தாள்.

"சுத்திவரக் குத்துது உம்மா. பத்து மணியிலருந்து. மிஸ் வேர்க்குரு எண்டு சொன்னா."

நஸ்லின் பிள்ளையின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். நெற்றியில் சிவப்புப் புள்ளிகள். வேர்க்குரு இப்படி இருக்காது. ஒரே நேர்கோட்டில், ஒரே இடைவெளியில், பொட்டுக்குப் பொட்டு, காதுக்கு மேலாகப் போய்ப் பின்னால் மயிருக்குள் மறைந்தது. கால் அங்குல இடைவெளி. அவள் தைக்கும் தையல் எப்போதும் கால் அங்குலம்.

"அசையாம நில்லு. தொப்பியத் தொடாத. பவுடர் எடுத்துட்டு வாறன்."

அறைக்குள் போய், பவுடரை எடுத்து, திரும்பி வந்தாள். அவ்வளவு நேரம்தான். பிள்ளை தொப்பியைப் போட்டுக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால் நின்றாள்.

"குட் மோர்னிங்," என்றாள் துரை மாதிரி, வயிற்றைத் தள்ளிக்கொண்டு.

வெளியே ஆள் நடமாட்டம் இல்லை. ஆம்பிளைகள் எல்லாரும் ஜும்ஆவுக்குப் போய்விட்டார்கள், கடைகள் பூட்டிவிட்டன, தெருவில் ஒரு முச்சக்கர வண்டியின் சத்தம்கூட இல்லை. தூரத்தில் பள்ளிவாசல் குத்பாப் பிரசங்கத்தின் குரல் மட்டும், சொல் விளங்காமல், வெயிலுக்குள் வந்தது. நடுப்பகல். முற்றம் முழுக்க வெள்ளை வெளிச்சம். இந்த வெளிச்சத்தில் எதுவும் நடக்காது என்று அவள் நினைத்தாள்.

"கழட்டு மகள்."

"கொஞ்சம் இரிங்கம்மா. வேர்க்குது. தொடச்சி உடுங்க."

ரிப்பனிலிருந்து ஒரு சொட்டு இறங்கியது. பிள்ளையின் புருவத்தில் நின்றது. தடிப்பாக. மஞ்சளாக.

நஸ்லின் முக்காட்டின் நுனியால் துடைத்தாள். மறுபடி வந்தது. துடைத்தாள். முக்காடு மணத்தது. அந்த மணம்தான். இரண்டு கையாலும் தொப்பியைப் பிடித்துத் தூக்கினாள். வரவில்லை.

"நோகுது உம்மா."

பிடித்து இழுத்தாள். பிள்ளை கத்தினாள். தொப்பியின் விளிம்பு மட்டும் மேலே வளைந்தது. அவள் மேசைக்கு ஓடி, தையல் பிரிக்கும் கத்தியை எடுத்து வந்து, பிள்ளையின் காதுக்கு மேலே முதல் நூலில் வைத்தாள். அறுத்தாள்.

ஒரு நூல். பிள்ளை உதட்டைக் கடித்தாள்.

இன்னொன்று.

இன்னொன்று.

"யா அல்லாஹ்," என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். எத்தனை தரம் சொன்னாள் என்று தெரியாது. கடைசி நூல் அறுந்தது. ரிப்பன் தோளில் விழுந்தது, தோளிலிருந்து தரையில். அதன் பிறகு தொப்பி எந்தக் கஷ்டமும் இல்லாமல், சட்டி மூடி மாதிரி, லேசாகக் கையோடு வந்தது.

பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. கண் இருந்தது, மூக்கு இருந்தது, ரெட்டைப் பின்னல் அப்படியே இருந்தது.

நெற்றி மட்டும்.

இரண்டு விரல் அகலம். காதிலிருந்து காதுவரை. வெள்ளை. வெள்ளை என்றால் பால் வெள்ளை இல்லை, பழைய மெழுகின் வெள்ளை. தடித்த தோல். துளை துளையாக. துளைக்குத் துளை நரைத்த கட்டை மயிர். மேலேயும் கீழேயும் அவளுடைய பிள்ளையின் மாநிறத் தோல் வந்து அதன் ஓரத்தில், பொட்டுப் பொட்டாய், கால் அங்குலத்துக்கு ஒன்றாய், சேர்ந்திருந்தது. அதன் நடுவில் ஒரு நரம்பு மெதுவாகத் துடித்தது. பிள்ளையின் கழுத்து நரம்பு படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. இது மெதுவாக. வேறு கணக்கில். ஒரு கிழவன் உறங்கும்போது துடிக்கிற மாதிரி.

அது வேர்த்தது. எல்லாத் துளையாலும். கோடு கோடாக இறங்கிப் பிள்ளையின் கண்ணுக்குள் போனது.

"எரியுது உம்மா." ஸம்றா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு அழத் தொடங்கினாள். "உம்மா, தொடச்சி உடுங்க. எனக்குக் கண்ணு தெரியல்ல."

துடைக்க வேண்டும். ஓர் எட்டு. கையை நீட்டினால் போதும். நஸ்லினுக்கு அது தெரியும், தன் பிள்ளை என்று தெரியும், அந்த அழுகையைப் பிறந்த நாளிலிருந்து தெரியும். கால் பின்னால் போனது. முதுகு சுவரில் முட்டும் வரை போனது. வாய்க்குள் எச்சில் சுரந்து நிறைந்தது, வலது கை தானாக மேலே வந்து, உள்ளங்கை விரிந்து, பிள்ளைக்கு முன்னால் நின்றது. ஏந்துவதற்காக அல்ல. கிட்ட வராதே என்று.

"உம்மா?"

பிள்ளையின் வாய் அழுகையில் கோணியது. அதற்கு மேலே அந்த வெள்ளைப் பட்டை மட்டும் அழவில்லை. அது சுருங்கியது. மூன்று ஆழமான கோடுகள் விழுந்தன, எதையோ யோசிக்கிற மாதிரி, எந்த வீட்டில் எழும்பியிருக்கிறோம் என்று பார்க்கிற மாதிரி.

ஸம்றா கண்ணை மூடியபடியே, இரண்டு கையையும் முன்னால் துழாவிக்கொண்டு, துடைத்துவிடட்டும் என்று முகத்தை நிமிர்த்தி நெற்றியை நீட்டிக்கொண்டு, இன்னும் ஓர் எட்டு வைத்தாள்.